தன் வரலாறு எழுதுதல்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வருவோரிடம் ஆசிரியர் முதலில் கேட்பது பெயர். அடுத்துக் கேட்பது பிறந்த தேதி. பெயருக்கு விடை உடனே வரும். தேதிக்கு அவ்வாறு வருவதில்லை. என்னைச் சேர்த்த நாளில் என் தாயார், “ஐப்பசி அடைமழையிலே, கூரை ஒழுகின ராத்திரி பிறந்தான்” என்று சொன்னாராம். பதிவேட்டில் மழைக்கும் கூரைக்கும் இடமில்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்கவேண்டும். ஆகவே ஆசிரியர் தாமாகவே ஜூன் முதல் தேதி என்று எழுதிக்கொண்டார். பின்னர் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றதும், பணியில் அமர்ந்ததும், ஓய்வு பெற்றதும் அந்தத் தேதியைக் கொண்டே நடந்தன. என் தலைமுறையில் கிராமப் பள்ளிகளில் பயின்றோர் பலருக்கு மே, ஜூன், ஜூலை மாதங்களிலேயே பிறந்தநாள் அமைந்திருப்பதன் இரகசியம் இதுதான்.

ஓய்வு பெற்றபின் என் வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். ‘நான் பிறந்தது’ என்று எழுதியவுடன் பேனா நின்றுவிட்டது. பதிவேட்டுத் தேதியை எழுதினால் அதற்குச் சான்று உண்டு, உண்மை இல்லை. தாயார் சொன்னதை எழுதினால் உண்மை உண்டு, தேதி இல்லை. தன் வரலாறு எழுதப் புகுவோர் எதிர்ப்படும் சிக்கல் பெரும்பாலும் இந்த முதல் வரியிலேயே அடங்கிக் கிடக்கிறது. நினைவு ஒன்று சொல்கிறது. ஏடு வேறொன்று சொல்கிறது. எழுதுகிறவனுடைய ஆசை மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. இவற்றினிடையே உண்மையை எவ்வாறு காண்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்வோம். “தன் வரலாறு பெரியோர் எழுதுவது, நம்மைப் போன்றவருக்கு அது எதற்கு?” என்று பலர் கேட்பதுண்டு. அடக்கத்தால் எழும் கேள்வி இது. ஆயினும் சரியான கேள்வி அன்று. வங்காளத்திலே இராசசுந்தரி தேவி என்று ஓர் அம்மையார் இருந்தார். பன்னிரண்டாம் வயதில் மணமாகிப் பெரிய குடும்பம் ஒன்றில் மருமகளாகப் புகுந்தவர். பெண் எழுத்துக் கற்பது குடிக்குக் கேடு என்று நினைத்த காலம் அது. அவரோ சைதன்ய பாகவத ஏடு ஒன்றிலிருந்து ஒரு தாளை மட்டும் எடுத்து அடுக்களையில் ஒளித்து வைத்துக்கொண்டார். பிள்ளை எழுதிப் பழகிய ஓலையை அத்தாளோடு ஒப்பிட்டு, சமையலுக்கு நடுவே எழுத்துக் கூட்டிக் கூட்டித் தாமாகவே படிக்கக் கற்றார். அவர் எழுதிய ‘என் வாழ்க்கை’ என்னும் நூல் 1876-இல் வெளிவந்தது. வங்க மொழியில் தோன்றிய முதல் தன் வரலாறு அதுவே என்பர். அவர் போர் நடத்தவில்லை, நாடு ஆளவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று, வீட்டு வேலையில் ஓய்வின்றி உழன்றவர். அந்த வேலையை உள்ளிருந்து சொல்ல அவரன்றி வேறு யாரால் இயன்றிருக்கும்?

“இது மேல்நாட்டு வழக்கம், நமக்கு அந்நியம்” என்பாரும் உளர். காந்தியடிகளிடமே அவர் நண்பர் ஒருவர் இவ்வாறு தடை கூறினார் என்று ‘சத்திய சோதனை’யின் முன்னுரை தெரிவிக்கிறது. ஆனால் 1641-ஆம் ஆண்டிலேயே ஆக்ராவில் பனாரசிதாசர் என்னும் சமண வணிகர் தம் கதையைச் செய்யுளில் எழுதி முடித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 55. மனிதனுக்கு முழு ஆயுள் 110 ஆண்டு என்று கொண்டு, தம் நூலுக்குப் ‘பாதிக் கதை’ என்று பொருள்படும் பெயரை இட்டார். வியாபாரத்தில் தாம் அடைந்த நஷ்டங்களை எல்லாம் அதில் சொல்கிறார். கையில் காசில்லாமல் கசோரிக் கடைக்காரனிடம் பல மாதம் கடனுக்கு உண்டதைச் சொல்கிறார். இளமையில் தாம் இயற்றிய சிருங்கார நூலை வெட்கித்துக் கோமதி ஆற்றில் எறிந்ததைச் சொல்கிறார். ஏழு ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் பிறந்து, ஒன்றுகூட நிலைக்காமல் போனதையும் சொல்கிறார். அக்பர் மாண்ட செய்தி கேட்டுத் தாம் படியிலிருந்து உருண்டு விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டதும் அந்நூலில் இருக்கிறது. ஒரு பேரரசனுடைய மரணம் சாதாரணக் குடிமகனை எவ்வாறு தாக்கியது என்பதை அரசவைச் சரித்திர ஆசிரியர் எழுதமாட்டார். மண்டை உடைந்தவரே எழுதவேண்டும்.

இனி, நாட்குறிப்பு வேறு, தன் வரலாறு வேறு என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நலம். புதுச்சேரியில் துய்ப்ளே கவர்னரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னர் இன்னது சொன்னார், ஊரில் இன்ன வதந்தி உலவியது என்று கண்டதும் கேட்டதும் அன்றன்றே பதிவாகியிருக்கின்றன. நாளை என்ன நடக்கும் என்பது எழுதியவருக்குத் தெரியாது. அதுவே நாட்குறிப்பின் வலிமை. தன் வரலாறு எழுதுவோனுக்கோ முடிவு முன்பே தெரியும். முடிவு தெரிந்தவன் தொடக்கத்தைத் தன்னையறியாமலே திருத்திவிடுவான். “சிறு வயதிலேயே எனக்கு ஆசிரியப் பணியில் பற்று இருந்தது” என்று நானும் முதற்படியில் எழுதினேன். உண்மையில் எனக்குப் பற்று இருந்தது ரெயில்வே வேலையில். அது கிடைக்கவில்லை, பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. பற்றுப் பின்னர் வந்தது. பின்னர் வந்ததைப் பின்னர் வந்ததாகவே எழுதுவதுதான் நேர்மை.

நினைவு எவ்வளவு உறுதியாகப் பொய் சொல்லும் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி அறிஞர் அண்ணா மறைந்தார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து வானொலியின் ஒலிபெருக்கி அடியில் ஊரே கூடி நின்றது. நானும் என் தங்கையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது. இதை எழுதி முடித்துத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, “அண்ணா, நான் பிறந்ததே 1970-லே” என்றாள். மருத்துவமனையில் பிறந்தவள் ஆதலால் அவளிடம் சான்று இருந்தது. அப்படியானால் என் இடுப்பில் இருந்த குழந்தை யார்? என் மூத்த அக்காளைக் கேட்டபோதுதான் அது அடுத்த வீட்டுக் குழந்தை என்று தெரிந்தது. நான் நின்றது மெய், காலர் நனைந்தது மெய், குழந்தைதான் மாறிவிட்டது. அன்புள்ள இடத்தில் நினைவு அன்புள்ளவரைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

ஆகவே எழுதத் தொடங்குமுன் சான்றுகளைத் திரட்டிக்கொள்ளுங்கள். பெரிய ஆவணக் காப்பகம் எதற்கும் போகவேண்டியதில்லை. வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டியே போதும். சாதகக் குறிப்பு, பள்ளிச் சான்றிதழ், நிலத்தின் கிரயப் பத்திரம், நகைக் கடை அடகுச் சீட்டு, பழைய குடும்ப அட்டை, கலியாணப் பத்திரிகை, மணியார்டர் ரசீது ஆகியவற்றை எடுத்து ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். இவற்றுள் நான் மிக உயர்வாகக் கருதுவது மொய் நோட்டு. ஒரு குடும்பத்தின் உறவும் நட்பும் பகையும் அதில் இருக்கின்றன. என் திருமண மொய் நோட்டில் ஐந்து ரூபாய் எழுதியவரும் உண்டு. ஒரு படி அரிசி என்று எழுதப்பட்டவரும் உண்டு. வரவேண்டிய ஒருவர் பெயர் இல்லாமலிருப்பதும் உண்டு. அந்த இல்லாத பெயரை வைத்தே ஓர் அதிகாரம் எழுதலாம்.

ஏடில்லாத நிகழ்ச்சிகளுக்கு நாடறிந்த நாட்களைத் துணைக்கொள்ளலாம். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பரில். சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது 1969 ஜனவரி 14-இல். நாகப்பட்டினத்துப் பெரும்புயலும் திருச்சி வெள்ளமும் 1977 நவம்பரில். “அந்தப் புயலுக்கு முன்பா, பின்பா?” என்று ஊர் முதியோரைக் கேட்டால், ஆண்டு தெரியாதவரும் சரியாக விடை சொல்வர்.

அடுத்து, எதை எழுதுவது? இதற்கு நல்லாசிரியர் உ. வே. சாமிநாதையர். அவர் 85 வயதை நெருங்கிய காலத்தில், 1940-இல், ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். 1942-இல் அவர் மறைந்தபோது நூல் முற்றுப்பெறாமலே நின்றது. ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. அதே கண்ணால் தம் வாழ்க்கையையும் பார்த்தார். மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பார் கிடைப்பாரா என்று தந்தையார் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது, எந்த ஊரில் யார் ஆதரித்தார், எந்த நூல் யாரிடம் பாடம் கேட்டது என்பவற்றை எல்லாம் ஒன்று விடாமல் கூறுகிறார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைத் தெய்வமாகக் கொண்டவர் அவர். எனினும் அந்தப் பெரும்புலவரின் வறுமையையும் கடனையும் மறைக்கவில்லை. மறைக்காததனால் ஆசிரியரின் பெருமை குறைந்ததா? இல்லை, அவ்வளவு வறுமையிலும் பாடம் சொல்வதை நிறுத்தாதவர் என்று அறிந்து நம் மதிப்பு உயர்கிறது.

இதிலிருந்து ஒரு விதியைப் பெறலாம். பண்பைச் சொல்லாதீர்கள், செயலைச் சொல்லுங்கள். “என் தந்தை மிகவும் சிக்கனமானவர்” என்று எழுதினால் படிப்பவன் மனத்தில் ஒன்றும் பதியாது. தேய்ந்த செருப்புக்கு டயர் துண்டை வைத்து ஆணியடித்து இன்னும் இரண்டு ஆண்டு போட்டார் என்றால் அவர் கண்முன் நடந்து வருவார். கூலி எவ்வளவு, படி அரிசி என்ன விலை, பள்ளிக்கு எத்தனை மைல், விளக்குக்கு எண்ணெய் எங்கே வாங்கியது என்பவற்றை எழுதுங்கள். உங்களுக்கு இவை அற்பமாகத் தோன்றும். பேரனுக்கோ இவைதாம் புதுமை.

பிறரைப் பற்றி எழுதும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நம் வாழ்க்கை நம்முடையது மட்டும் அன்று. அதில் உடன்பிறந்தாரின் வழக்கும், நண்பரின் வீழ்ச்சியும், உறவினர் வீட்டு இரகசியமும் கலந்திருக்கின்றன. அவர்கள் மறுமொழி சொல்ல வரமாட்டார்கள். இங்கே காந்தியடிகள் நமக்கு வழிகாட்டுகிறார். 1925 முதல் நவஜீவன் இதழில் குஜராத்தியில் அவர் எழுதிய வரலாற்றில், தமையனாரின் தங்கக் காப்பிலிருந்து சிறு துண்டைத் திருடியதையும், அதை ஒரு தாளில் எழுதி நோயுற்றிருந்த தந்தையிடம் கொடுத்ததையும், தந்தை கண்ணீர் வடித்து அத்தாளைக் கிழித்ததையும் விவரமாகச் சொல்கிறார். ஆனால் இளமையில் தம்மைப் புலால் உண்ணத் தூண்டிய நண்பரின் பெயரை அந்நூலில் அவர் குறிக்கவே இல்லை. தம் குற்றத்திற்கு முழு விவரம். பிறர் குற்றத்திற்குப் பெயர் மறைப்பு. தன் வரலாறு எழுதுவோர் கைக்கொள்ளத்தக்க நீதி இதனினும் வேறு இல்லை.

இந்நீதியைப் பிறருக்குச் சொல்வது எளிது. நான் கைக்கொண்டேனா என்பதையும் சொல்லவேண்டும்.

என் வரலாற்றை இருநூறு பக்கம் எழுதி முடித்து என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். நான்கு நாளில் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “எப்படி இருக்கிறது?” என்றேன். “எல்லாம் இருக்கு. வயசு விஷயமா ஒரு பையன் நம்ம வீட்டுக்கு வந்தானே, நான்கூட மோர் கொடுத்தேனே, அதைக் காணோமே” என்றாள். நான் மறந்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள். நான் மறக்கவில்லை.

1983 ஜூன் மாதம். தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியனாகச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. ஒரு பாட்டியார் பேரனை அழைத்து வந்தார். பெற்றோர் கரும்பு வெட்டும் வேலைக்கு வெளியூர் போயிருந்தனர். பிறந்த தேதி கேட்டேன். “நம்ம கோயில் கும்பாபிஷேகத்துக்கு அடுத்த மாசம் பிறந்தவன் சாமி” என்றார். வரிசையில் இன்னும் இருபது பேர் நின்றனர். அக்கால வழக்கப்படி வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னேன். பையன் நெட்டை, எளிதில் தொட்டுவிட்டான். ஆறு வயது நிறைந்தவன் என்று நானாகக் கணக்கிட்டு 1-6-1977 என்று எழுதினேன். கும்பாபிஷேகத் தேதி அந்தக் கோயில் சுவரிலேயே கல்லில் வெட்டியிருந்தது. பள்ளிக்கும் கோயிலுக்கும் இடையே இரண்டே தெரு. நான் போய்ப் பார்க்கவில்லை.

2007-ஆம் ஆண்டு அவன் என் வீட்டுக்கு வந்தான். அதற்குள் நான் வேறோர் ஊரில் தலைமையாசிரியன். அரசுப் பணி ஒன்றுக்கு விண்ணப்பிக்க விரும்பினான். வயது வரம்பு 30. ஏட்டின்படி அவனுக்குச் சில மாதம் கூடிவிட்டது. “கோயில் கல்வெட்டைப் பார்த்தேன் சார், 1978-னு இருக்கு. ஒரு வருஷம் கூடப் போட்டிருக்காங்க. ஏதாவது வழி உண்டா?” என்று கேட்டான். யார் போட்டார்கள் என்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பதிவேட்டில் ஏறியதை மாற்றுவது எளிதன்று என்றும், இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தது உன் பிழை என்றும் உபதேசம் செய்தேன். அவன் மோரைக் குடித்துவிட்டு, வணங்கிவிட்டுப் போனான். தேதியைத் தவறாக எழுதியது இளமையின் கவனக்குறைவு. அன்று வாய்மூடி இருந்ததோ முதிர்ந்த வயதில் அறிந்து செய்த பிழை. இருநூறு பக்கத்தில் இதற்கு இடமில்லாமல் போனது தற்செயல் அன்று.

மனைவி கேட்டபின் அந்தப் பகுதியை எழுதினேன். மூன்று பக்கம், மூன்று வாரம் பிடித்தது. முதலில் எழுதியதில் வரிசையில் நின்ற இருபது பேரைப் பற்றியே நிறைய இருந்தது. அவர்கள் எனக்குத் தற்காப்பாக நின்றார்கள். அவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிய பிறகே உண்மை தெரிந்தது. பிறகு அவனைத் தேடிப் போனேன். அண்டை நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான், நாற்பதைக் கடந்தவன். கடை மூடியபின் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துச் சற்றுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அது நீங்க எழுதினதுன்னு அன்னைக்கே தெரியும் சார். உங்க கையெழுத்தைப் பார்த்துத்தானே நான் எழுதப் பழகினேன். நீங்களா சொல்லுவீங்களான்னு பார்க்கத்தான் வந்தேன்” என்றான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்பகுதியைப் பிறர் அறியச் சொல்லலாமா என்று மட்டும் கேட்டேன். “என் பேரைப் போடாம சொல்லுங்க” என்றான். அவ்வாறே சொல்லியிருக்கிறேன்.

அன்பர்களே, தன் வரலாறு எழுதுவதை நான் இப்போது சாட்சி சொல்வதற்கு ஒப்பிடுவேன். சாட்சிக் கூண்டில் நிற்பவன் தன் பெருமையைப் பேசுவதற்காக அழைக்கப்படுவதில்லை; கண்டதைக் கூறவே அழைக்கப்படுகிறான். தனக்குப் பாதகமானதையும் ஒளியாமல் கூறுகிறவனுடைய மற்றச் சொற்களையும் நீதிபதி நம்புவார். உங்கள் பேரப் பிள்ளைகளே நீதிபதிகள். உங்கள் தாயாரின் உழைப்பையும், ஊரின் பஞ்சத்தையும், நீங்கள் நடந்த மைல்களையும் அவர்கள் நம்பவேண்டுமானால், நீங்கள் தவறிய இடத்தையும் அவர்களுக்குக் காட்டத்தான் வேண்டும்.

நாளைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பிறப்பிலிருந்து தொடங்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. நன்றாக நினைவுள்ள ஒரு நாளை முதலில் எழுதுங்கள். தினம் ஒரு பக்கம் போதும். ஓர் ஆண்டில் நூல் ஆகிவிடும். எழுதியதை உடனிருந்தவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் “அது அப்படி இல்லையே” என்றால் சினம் கொள்ளாதீர்கள். “அதைக் காணோமே” என்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

என் நூலின் முதல் வரியை நான் இவ்வாறு முடிவு செய்திருக்கிறேன்: ‘ஏட்டின்படி ஜூன் முதல் தேதியும், தாயார் சொற்படி ஐப்பசி அடைமழையில் கூரை ஒழுகிய இரவிலும் பிறந்தேன்.’ இரண்டையும் எழுதிவிட்டேன். எது மெய் என்பது படிப்பவருக்குத் தெரியும்.